பெருங் கணனிக் கம்பனியில் உத்தியோகம்



கல்முனையை அடுத்த நற்பிட்டிமுனையிலே உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளிவந்ததும் வீடுதோறும் எழும் கேள்வி, பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்பதாகும். ஆசிரியத் தொழில், எழுதுவினைஞர் பதவி, வளைகுடா நாட்டுப் பயணம் என்னும் பழைய விடைகளோடு இன்று கணனிக் கம்பனியும் சேர்ந்திருக்கிறது. சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திலே கணனி விஞ்ஞானம் பயிற்றப்படுகிறது. ஆதலின், பெரிய தொழில்நுட்பக் கம்பனிகளில் ஊழியரின் அனுபவம் எத்தகையது என்பதை நாம் அறிந்துகொள்வது நன்று. சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்பதால் அது விளங்காது. வேறு மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும்.

முதலாவது, தொழிலைக் கற்பிப்பவர் யார்? அயலூராகிய மருதமுனையில் தறி பழகுவோர், நெய்யத் தெரிந்தவரின் அருகிலிருந்தே பழகுவர். அறுந்த இழையை முடிவதற்கு ஏட்டுப் படிப்பு மட்டும் போதாது. மென்பொருள் எழுதும் தொழிலும் அத்தகையதே. நல்ல கம்பனியில், புதியவர் எழுதியதை அனுபவசாலி ஒருவர் வரிவரியாக வாசித்துப் பிழை திருத்திய பின்னரே அது பாவனைக்குச் செல்லும். 1996இல் தொடங்கி, 2009இல் ஸோஹோ எனப் பெயர் மாற்றப்பட்ட கம்பனி, இதற்கென ஒரு பள்ளியையே நடத்துகிறது. பட்டம் பெறாத மாணவரிடம் கட்டணம் வாங்காது, உதவிப்பணமும் கொடுத்து, ஆங்கிலத்தையும் மென்பொருள் எழுதுவதையும் அங்கே பயிற்றுகின்றனர். 2011 முதல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறைக் கிராமத்திலும் அக்கம்பனியின் அலுவலகம் இயங்கி வருகிறது. ஊரைத் துறவாமலே இத்தொழிலைச் செய்யலாம் என்பதற்கு அது தக்க சான்று.

இரண்டாவது, எந்த நாட்டுக் கடிகாரத்திற்கு வேலை செய்வது? குளிர்காலத்தில் நியூயோர்க் நகரில் காலை 9 மணியாகும்போது இலங்கையில் இரவு 7.30 மணி. இஷாத் தொழுகை முடிந்து ஊர் ஓயும் வேளையில், அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்பவரின் கூட்டம் ஆரம்பமாகலாம். மாதக்கணக்கில் நித்திரை குறையுமாயின், அதன் தீங்கை உடலும் குடும்பமுமே அனுபவிக்கும்.

மூன்றாவது, பெயர் எவருடைய இடாப்பில் இருக்கும்? அமெரிக்காவின் மைக்ரோசொப்ட் கம்பனியில் 1990களில் நிரந்தர ஊழியர் நீல நிற அடையாள அட்டையும், தரகு நிறுவனங்கள் வழியாக வந்தோர் செம்மஞ்சள் அட்டையும் அணிந்திருந்தனர். பலர் ஒரே வேலையை ஆண்டுக்கணக்கில் செய்தும், நிரந்தர ஊழியருக்குரிய பங்கு வாங்கும் சலுகை தற்காலிக ஊழியருக்குக் கிட்டவில்லை. அவர்கள் 1992இல் வழக்குத் தொடுத்தனர். 2000ஆம் ஆண்டில் அக்கம்பனி 9 கோடி 70 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள இணங்கியது. வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகை பெரிதாயினும், உள்ளிருப்போர் யாவருக்கும் உரிமை ஒன்றாயிருப்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

ஆகவே, பெற்றோரே, நியமனக் கடிதம் வந்ததும் சம்பளத் தொகையோடு நின்றுவிடாதீர்கள். ஒப்பந்தம் யாருடன், எத்தனை காலத்திற்கு, வேலை நேரம் யாது, பயிற்சி தருபவர் யார் என்பனவற்றைப் பிள்ளையுடன் அமர்ந்து வாசியுங்கள். எழுத்தில் இல்லாததைக் கையொப்பமிடுமுன் கேட்டறியுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. உழைப்பவரின் உரிமை அது.