லீவையும் சேர்த்துக் கூட்டுங்க சார்!

ராஜபாளையம் மில் ஆபீஸில் நாலு நாள் லீவு கிடைப்பதுதான் முதல் விசா! அதனால் ஃபாரின் ஆசையோடு வரும் நண்பர்களிடம், டிக்கெட் விலையோடு லீவையும் கூட்டச் சொல்வேன்.

நேபாளத்துக்கு பாஸ்போர்ட்டே வேண்டாம். வாக்காளர் அட்டை போதும். மலிவுதான். ஆனால், பொதிகையில் சென்னை, அங்கிருந்து கோரக்பூர், அப்புறம் பஸ்ஸில் சோனௌலி எல்லை... போகவே மூணு நாள் காலி!

இலங்கை அப்படியில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை சுமார் 75 கிலோமீட்டர். (அம்மா கொடுத்த பால்கோவா கிருஷ்ணன்கோவிலிலேயே தீர்ந்துவிடும்!) மதுரையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தை ஒட்டி கொழும்பு. பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். பத்து வருஷத்துக்கு வகுத்தால் வருஷம் 150. பி.காம். வேறெதற்குப் படித்தேன்?

விசா விதி அடிக்கடி மாறுகிறது. டிக்கெட் போடும் முன் பார்த்துவிடுங்கள். இறங்கியதும் கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் கண்டி ரயில். வலது பக்க ஜன்னலைப் பிடிங்க!