லாவோஸ் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் வீட்டுக்கு

சிங்கப்பூரில் ஆறுகள் உண்டு, நீர்த்தேக்கங்களும் உண்டு. நீர்மின் நிலையம் மட்டும் ஏன் இல்லை? நீர்மின்சாரத்துக்குத் தண்ணீர் மட்டும் போதாது, உயரமும் வேண்டும். மேலிருந்து பாயும் நீரின் விசைதான் சுழலியைச் சுழற்றும். தேக்கா வட்டாரம் அருகே ஓடும் ரோச்சோர் கால்வாய்க்கு அந்தச் சரிவு இல்லை. நம் ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே ஏறத்தாழ 164 மீட்டர்தான்.

ஆனாலும் மலைநாட்டு ஆறுகளின் ஆற்றல் இங்கே வந்தது. 2022 ஜூன் 23ஆம் தேதி, லாவோஸின் நீர்மின்சாரத்தை, 100 மெகாவாட் வரை, தாய்லாந்து, மலேசியா மின்கட்டமைப்புகள் வழியாகக் கெப்பல் எலக்ட்ரிக் நிறுவனம் தருவிக்கத் தொடங்கியது. சிங்கப்பூர் இறக்குமதி செய்த முதல் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் அது. நான்கு ஆசியான் நாடுகள் கைகோத்த முதல் எல்லைதாண்டிய மின்வணிகமும் அதுவே.

2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் உச்ச மின்தேவையில் அந்த 100 மெகாவாட் சுமார் 1.5 விழுக்காடு. அளவு சிறிதுதான். ஆனால், பெரும்பாலும் இயற்கை எரிவாயுவையே நம்பியிருக்கும் நமக்கு இந்தப் பாதை மிக முக்கியம். அதே வேளையில், லாவோஸ் அமைந்துள்ள மேக்கோங் ஆற்றுப் படுகையில் அணைகள் மீன்களின் வலசையைத் தடுக்கின்றன, வயலுக்குப் போகும் வண்டலையும் பிடித்துவைக்கின்றன. மின்சாரத்தின் விலையைப் பேசும்போது அங்குள்ள மீனவர்களையும் உழவர்களையும் நாம் கணக்கில் சேர்க்க வேண்டும்.