உஷார்! ‘கொலஸ்ட்ரோல் நோர்மல்’ என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்

அஜக்ஸ் வாழ் உறவுகளே, இதைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைக்காதீர்கள். மெலிந்த உடம்பு, சிகரெட் பழக்கமில்லை, கொலஸ்ட்ரோலும் அளவோடுதான். அப்படிப்பட்டவருக்கும் நாற்பதுகளிலேயே மாரடைப்பு வரலாம்.

ஹமில்டன், ரொறன்ரோ, எட்மன்டன் நகரங்களில் நடந்த ஆய்வொன்று 2000ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஐரோப்பிய, சீன வழியினரைவிட நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கே இதய, இரத்தக்குழாய் நோய் கூடுதலாக இருந்தது. லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்பும் நம்மவர் இரத்தத்தில் அதிகம்.

இது தாய் தகப்பனிடமிருந்து வரும் கொழுப்பு. இரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து, அங்கே அழற்சியையும் மூட்டிவிடும். எவ்வளவு சுரக்கும் என்பதைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது. பத்தியம் இருந்தாலும் ஓடினாலும் பெரிதாகக் குறையாது. பெற்றோரில் ஒருவருக்கு அதிகமாக இருந்தாலே பிள்ளைகளுக்கும் வரக்கூடும்.

வழக்கமான கொழுப்புச் சோதனையில் இது தெரியவே தெரியாது! ஒன்ராறியோ ஆய்வுகூடப் படிவத்தில் ‘ஏனைய சோதனைகள்’ என்ற பகுதியில் வைத்தியர் தனியாக எழுதித் தரவேண்டும். வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்கும்படி கனடிய இதயநோய் வைத்தியர் சங்கத்தின் 2021 வழிகாட்டி சொல்கிறது. லீற்றருக்கு 100 நனோமோலோ அதற்கு மேலோ என்றால் ஆபத்து கூடுதல். கட்டணம் உண்டா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். கெட்ட கொழுப்பான எல்டிஎல் லீற்றருக்கு 5 மில்லிமோலைத் தொட்டால், அதுவும் பரம்பரையாக வந்ததா என்று விசாரியுங்கள்.

மரபணுவை மாற்ற முடியாது. மற்றவற்றில் பலவும் நம் கையில். மரபணு ஆபத்து மிகுந்தவர்களிலும், நல்ல பழக்கங்கள் உள்ளோருக்கு இதயநோய் ஆபத்து ஏறத்தாழ பாதியாக இருந்ததை 2016இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே:

• புகையை அடியோடு விடுங்கள். அழற்சியைக் கிளறுவதில் அது முன்னணியில் நிற்கிறது.
• வாரம் 150 நிமிடம் வேகமாக நடங்கள். கோடையில் ஏரிக்கரைப் பாதை, பனிக்காலத்தில் சமூக நிலையம்.
• இடுப்பளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் இருக்கட்டும்.
• கொண்டாட்டம்தோறும் ரோல்ஸ், கொத்து என்று அடுக்காதீர்கள். சோற்றைக் குறைத்து மீன், பருப்பு, கீரையைக் கூட்டுங்கள்.
• வைத்தியர் தந்த கொழுப்புக் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நெஞ்சு இறுக்கம், தாடை நோவு, குளிர்வியர்வை, மூச்சுமுட்டல் வந்தால் ‘வாய்வு’ என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 911. நீங்களே கார் ஓட்டிப் போகவும் வேண்டாம்.

அப்பா, அண்ணா, மாமா என்று யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், நாளைக்கே குடும்ப வைத்தியரை அழைத்து நேரம் எடுங்கள். அந்தக் குடும்ப வரலாற்றைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். அவர்களும் சோதித்துக்கொள்ளவேண்டும்.