ஏலியன் கோயிலில் ஆய்வாளருக்கு என்ன வேலை?

கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூர் வழியாகச் சேலம் போகும் சாலை நமக்குப் பழகியதுதான். சேலத்துக்குப் பக்கத்தில் மல்லமூப்பம்பட்டி. அங்கே ஒரு சிவன் கோயிலில், பூமிக்கடியில் ஏலியன் சிலை வைத்து வழிபடுவதாக 2024-ல் செய்தி வந்தது. வேற்றுக்கிரகவாசிகளிடம் பேசி, அனுமதி வாங்கியே கட்டியதாகக் கோயிலை எழுப்பியவர் சொன்னார். இயற்கைப் பேரிடர்களிலிருந்து அவர்கள் நம்மைக் காப்பார்கள் என்பது அவர் நம்பிக்கை. இதை டீக்கடையில் எடுத்தால் முதல் கேள்வி, "ஏலியன் நிஜமாவே இருக்கா?" என்பதுதான்.

நாம் எல்லோரும் சறுக்கும் இடம் இது. இப்படி வேற்றுக்கிரகவாசிகளை நம்பும் பறக்கும் தட்டு மதங்களை ஆராய்பவர் ஒன்று அதை நம்புகிறவர், இல்லாவிட்டால் பொய்யென்று நிரூபிக்கக் கிளம்பியவர் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் இரண்டும் இல்லை. ஓசூர் சிப்காட்டில் துளையின் அளவு பார்க்கும் பிளக் கேஜை எடுத்துக்கொள்வோம். துளை சரியாக இருக்கிறதா என்று அது சொல்லும். இரும்பு எந்த ரகம் என்று சொல்லாது, அதற்கு லேப் வேறு. அதேபோல, வேற்றுக்கிரகத்தில் உயிர் உண்டா என்பது வானியலாளரின் வேலை. அந்த நம்பிக்கையை வைத்து மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதே சமயவியலாளரின் அளவை. 1967-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயவியல் துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட் இதையே வலியுறுத்தினார்: தெய்வம் உண்டா, இல்லையா என்ற தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு, பக்தரின் உலகத்தைப் புரிந்துகொள்.

தீர்ப்பைத் தள்ளிவைத்ததும் வேறு விஷயங்கள் கண்ணில் படும். அமெரிக்காவில் பறக்கும் தட்டுப் பேச்சு சூடுபிடித்தது 1947-ல். வேற்றுக்கிரகப் பெரியோர் பூமிக்கு வழிகாட்டுகிறார்கள் என்ற எண்ணம் அதற்கும் முந்தையது. 1882-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்த பிரம்மஞான சபையின் நூல்களிலேயே வெள்ளிக் கிரகத்திலிருந்து வந்த குருமார் உண்டு. பறக்கும் தட்டு மதங்களின் வேரைத் தேடும் ஆய்வாளர்கள் இந்தச் சபையில்தான் வந்து நிற்கிறார்கள். லண்டனில் யோகப் பயிற்சி செய்துவந்த ஜார்ஜ் கிங் 1955-ல் அப்படியொரு மதமான ஏத்தீரியஸ் சங்கத்தைத் தொடங்கினார். அவர் போதனையில் புத்தர் வெள்ளிக் கிரகத்திலிருந்தும், கிருஷ்ணர் சனிக் கிரகத்திலிருந்தும் வந்தவர்கள். ஆக, நாம் கேலியாகப் பார்க்கும் அந்த வெளிநாட்டுச் சரக்கில் நம் ஊர்ப் பங்கும் கணிசமாக இருக்கிறது.

"இதில் சேர்பவர்களுக்கு மூளைச்சலவை நடந்திருக்கும்" என்றும் சொல்வோம். 1975-ல் ராபர்ட் பால்ச், டேவிட் டெய்லர் என்ற இரு சமூகவியலாளர்கள், விண்கலம் வந்து தங்களை ஏற்றிச்செல்லும் என்று காத்திருந்த ஓர் அமெரிக்கக் குழுவில் அடையாளம் சொல்லாமல் சேர்ந்து பார்த்தார்கள். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் குரு மாற்றிக் குரு, நெறி மாற்றி நெறி என்று முன்பே தேடிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் தேடலில் இது இன்னொரு படி. 1997-ல் 39 பேர் ஒன்றாக உயிரை மாய்த்துக்கொண்ட 'ஹெவன்ஸ் கேட்' அதே குழுதான். கிறுக்கர்கள் என்று ஒதுக்கிவிட்டால் இப்படி ஒரு முடிவு எங்கிருந்து தொடங்குகிறது என்பது நமக்குத் தெரியாமலே போகும்.

இனி மல்லமூப்பம்பட்டிக்குப் போனால் கேட்க வேண்டியவை வேறு. யார் வருகிறார்கள், என்ன வேண்டிக்கொள்கிறார்கள், சிவனுக்கும் இந்தப் புதுத் தெய்வத்துக்கும் என்ன உறவு சொல்கிறார்கள், எந்தப் பூசை முதலில் நடக்கிறது?