நாடி சொல்லும் நலம்

சூன் திங்கள் பிறந்ததும் நம் கத்தோலிக்க இல்லங்களில் திரு இருதய ஆண்டவரின் படத்திற்கு முன் விளக்கேற்றிக் குடும்பமாகச் செபிக்கிறோம். அவர் நமக்குள் வைத்தருளிய சிறு இதயத்தைப் பற்றியும் அப்போது சற்றே எண்ணிப் பார்க்கலாகாதா? கைப்பிடி அளவேயான இவ்வுறுப்பு ஒரு நாளில் ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கின்றது. அத்துடிப்பின் இயல்பான அளவு யாது?

வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கையில் நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை துடித்தல் இயல்பு என்பது மருத்துவர் கணக்கு. பிறந்த குழந்தைக்கு 100 முதல் 160 வரையும், பள்ளிச் சிறுவர்க்கு ஏறத்தாழ 70 முதல் 110 வரையும் இருக்கும். ஆதலால் குழந்தையின் நெஞ்சு விரைந்து துடிப்பது கண்டு தாய்மார் கலங்க வேண்டுவதில்லை.

எனினும், எண் மட்டுமே முழு உண்மையைச் சொல்லிவிடாது. கல்வராயன் மலையில், வெள்ளிமலையைச் சூழ்ந்த சரிவுகளில் மரவள்ளியும் சாமையும் பயிரிட்டு, நாள்தோறும் மேடேறி இறங்கும் உழவர் ஒருவருக்கு ஓய்வில் 55 துடிப்பே இருத்தல் கூடும். உழைப்பால் உரம் பெற்ற இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த இரத்தத்தைச் செலுத்துவதால், குறைந்த துடிப்பே அவருக்குப் போதுமானது. அதே 55 ஒரு முதியவருக்குத் தலைசுற்றலோடும் மயக்கத்தோடும் வருமாயின், அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறியாகும். மலையேறும்போது 130 ஆவது குற்றமன்று. அமர்ந்து இளைப்பாறிய பின்னும் தணியாதிருந்தால்தான் கவனம் தேவை.

நம் இல்லத் தாய்மாரைப் பற்றி ஒரு சொல். அமர்ந்திருக்கும் வேளையிலும் நாடி நாள்தோறும் 100-ஐத் தாண்டுகிறதா? "வேலைக் களைப்புத்தான்" என்று அவர்கள் ஒதுக்கிவிடுவர். இரத்தசோகையோ தைராய்டு நோயோ அதற்குக் காரணமாயிருக்கலாம். எளிய இரத்தப் பரிசோதனையால் இவற்றைக் கண்டறிந்து குணப்படுத்த இயலும். பிறருக்கு உணவிட்டுத் தம்மை மறக்கும் அன்னையரின் நாடியைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமையன்றோ?

நாடி பார்க்கும் முறை எளிது. தேநீர், காப்பி, புகையிலை ஆகியவற்றை அரைமணி நேரம் விலக்கி, ஐந்து நிமிடம் அமைதியாக அமர வேண்டும். பின்னர் பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரு விரல்களை மெல்ல வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுக. துடிப்புகள் சீரான இடைவெளியில் வருகின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும். முதியோரிடம் தாளம் தப்பிய நாடி பக்கவாதத்திற்கு வழிகோலக்கூடும். காலத்தோடு சிகிச்சை பெற்றால் அவ்வாபத்தைப் பெரிதும் தவிர்க்கலாம்.

2020-ஆம் ஆண்டின் கொரோனாக் காலத்திலிருந்து விரலில் மாட்டும் சிறு கருவி பல வீடுகளில் இருக்கிறது. அதில் தோன்றும் இரு எண்களில் ஒன்று இரத்தத்திலுள்ள உயிர்வளியின் அளவு. மற்றொன்று நாடித் துடிப்பு. கருவி நமக்குத் துணையே. 1816-இல் பாரிசு நகரில் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்டு, இதயக்குழல் பிறக்க வழிசெய்த கத்தோலிக்க மருத்துவர் லென்னெக், அக்குழலை நோயாளிக்குச் செவிசாய்க்கவே பயன்படுத்தினார். நாமும் எண்ணைப் பார்ப்பதோடு நில்லாமல் மனிதரையும் பார்ப்போம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை தோன்றினால் நாடியை எண்ணிக்கொண்டிராமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. ஆயினும் மலையூர்களிலிருந்து அங்கு வரும் வழி நெடிது. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது.

நம் உடல் ஆவியானவரின் ஆலயம் எனப் புனித சின்னப்பர் கற்பித்தார். எனவே, நலமாயிருக்கும் நாளிலேயே வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் துடிப்பையும் எண்ணிக் குறித்து வைப்போம். நலமான நாளின் அளவை அறிந்த குடும்பமே நோயுற்ற நாளின் மாற்றத்தை விரைந்து உணரும். மாலைச் செபம் முடிந்ததும் பாட்டியின் கையைப் பற்றி ஒரு நிமிடம் எண்ணுவோம். அந்த ஒரு நிமிடம் அன்பின் பணியாகும்.