கிள்ளானில் தமிழ் படித்த பிரெஞ்சுக்காரர்

1905இல் ஆன்ரி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சு இளைஞர் மலாயாவுக்கு வந்து சேர்ந்தார். கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பழகிக்கொண்டே மலாயும் தமிழும் படித்தார். அதன் பிறகுதான் சிலாங்கூர் ஆற்றுக்கு அப்பால், ரந்தாவ் பாஞ்சாங் பக்கம் காடு வெட்டித் தோட்டம் போட்டார். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தென்னமாரத்தில் உருவானதும் அவரால்தான். (பெயரில் தென்னை, நட்டது செம்பனை!) மலாயா வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. இதில் நமக்கு வேண்டியது அவர் போன வரிசை: முதலில் பேச்சு, பிறகு பிழைப்பு. இன்று கோலாலம்பூரிலிருந்து பிரான்சுக்குத் தனியாகப் பயணம் போகிறவர்களும், வேலைக்கென்று அங்கே தங்குகிறவர்களும் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிறகு 'பிரெஞ்சுக்காரர்கள் முசுடுகள்' என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள்.

தோட்டத் துரையான அவர் தமிழ் படித்தது ஆளை ஏவத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் துரைக்குத் தமிழ் வராவிட்டாலும் நடுவில் கிராணி இருந்தார், கங்காணி இருந்தார். லியோனில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் பிள்ளைக்கு நடுவில் யாரும் கிடையாது. அதிகாரம் இல்லாதவருக்குத்தான் மொழி கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதற்காக இலக்கணம் முழுவதையும் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் கடையில் நாம் வெறுமனே "ஒரு தே தாரிக்" என்பதில்லை, "அண்ணே, ஒரு தே தாரிக்" என்கிறோம். அந்த 'அண்ணே'தான் நுழைவுச் சீட்டு. பிரான்சில் அந்த வேலையைச் செய்வது 'போன்ஷூர்'. ரொட்டிக்கடைக்குள் நுழைந்ததும் "போன்ஷூர் மதாம்" என்று சொல்லிவிட்டுத்தான் ரொட்டியைக் கேட்க வேண்டும். அதைச் சொல்லாமல் நேராக ஆங்கிலத்தில் விலை கேட்டால், அவர்கள் கணக்கில் முதலில் மரியாதை தவறியவர் நாம்தான். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியுமா தெரியாதா என்பது அடுத்த பேச்சு.

இதில் தமிழருக்கு ஒரு வசதியும் உண்டு. ஆங்கிலம் எல்லோரையும் ஒரே சொல்லால் அழைத்துவிடும். பிரெஞ்சில் நமக்கிருப்பது போலவே நீ, நீங்கள் இரண்டும் உண்டு: தூ, வூ. முன்பின் தெரியாதவரை 'வூ' என்றுதான் அழைக்க வேண்டும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் 'அண்ணே'யில் உறவும் சேர்ந்தே வருகிறது, அவர்களுடைய 'மதாம்' மரியாதையோடு நின்றுவிடும். அந்த இடைவெளியைக் கோபம் என்று நினைத்துக்கொள்வதில்தான் பாதி மனக்கசப்பு.

சாப்பாட்டு விஷயம் வேறு. இருபத்து நான்கு மணி நேர மாமாக் கடைக்குப் பழகிய வயிற்றுக்கு அந்த ஊர் சிரமம்தான். மதியம் இரண்டு, இரண்டரைக்கெல்லாம் பல உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறப்பதில்லை. சாப்பிட்டு முடித்தாலும் பில் தானாக மேசைக்கு வராது. கேட்காமல் கொண்டுவந்து வைத்தால் வாடிக்கையாளரை எழுப்பிவிடுவது போலாகும் என்பது அங்குள்ள வழக்கம். தனியாகப் போகிறவருக்கு இது ஒருவகையில் சௌகரியம், ஒரு காப்பியோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். குழாய்த் தண்ணீரை ஒரு குடுவையில் கேட்டால் காசு வாங்க மாட்டார்கள்.

பாரிஸில்தான் தமிழர் வட்டாரமான லா ஷாப்பேல் இருக்கிறதே, பிரெஞ்சு எதற்கு என்பாரும் உண்டு. உண்மைதான். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு போனவர்களும், 1983க்குப் பின் அடைக்கலம் தேடிய ஈழத்தமிழர்களும் பாரிஸில் தமிழுக்கு இடம் பிடித்துத் தந்திருக்கிறார்கள். மாணிக்க விநாயகர் ஆலயம் 1985இலிருந்து இருக்கிறது, தேரும் ஓடுகிறது. இடியப்பத்துக்கும் கறிவேப்பிலைக்கும் அங்கே தமிழ் போதும். ஆனால் வாடகை ஒப்பந்தமும் வதிவிட அட்டை விண்ணப்பமும் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் வருகின்றன. அந்த அட்டையைப் பற்றி விசாரிக்க அலுவலகத்துக்குப் போனால், முகப்பில் இருக்கும் அம்மாவிடம் முதலில் ஒரு 'போன்ஷூர்' சொல்லியாக வேண்டும்.