முற்றத்து நிழல்



கொட்டாஞ்சேனையில் திருத்திக் கட்டிய ஒரு வீட்டுக்கு துஆ ஓத அழைத்திருந்தார்கள். முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் வீடு. மூன்று தட்டு மாடி, பளபளக்கும் டைல்ஸ், முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. காலை பதினொரு மணிக்கே ஹோலில் மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. வாசலருகே கதிரை போட்டு அமர்ந்திருந்த மாணவரின் உம்மா, என்னைக் கண்டதும் கேட்டார்:

"ஆலிம்சா, லுஹர் நேரம் ஆயிட்டா? முந்தி முத்தத்து நெழலப் பார்த்து நானே சொல்லிடுவேன். இப்ப ஒண்டும் வெளங்குதில்ல."

பழைய வீட்டின் நடுவே ஒரு முற்றம் இருந்ததாம். மகளின் கல்யாணத்துக்கு அறை தேவைப்பட்டபோது அதை மூடிக் கொங்கிறீட் போட்டுவிட்டார்கள். மாணவர் சற்றுச் சங்கடத்துடன், "இப்ப எல்லாரும் மொடர்னாத்தானே கட்டுறாங்க, ஹஸ்ரத்" என்றார்.

அந்த "மொடர்ன்" என்ற சொல்லைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

பழையதை இடித்துவிட்டுப் புதியதை வாங்கி வைப்பதுதான் நவீனம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கலையிலும் இலக்கியத்திலும் கட்டடத்திலும் நவீனத்துவம் என்று பெயர் பெற்ற இயக்கம் உண்மையில் ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. தொழிற்சாலையும் இரயிலும் வந்து மனித வாழ்க்கையே மாறிவிட்டது. பழைய வடிவங்கள் இந்த வாழ்க்கைக்குப் பொருந்துகின்றனவா? இதுவே அந்தக் கேள்வி. ஜெர்மனியில் 1919இல் தொடங்கி, நாஜிகளின் நெருக்குதலால் 1933இல் மூடப்பட்ட பௌஹவுஸ் என்ற கலைப்பள்ளியில் இதையே கேட்டார்கள். ஒரு கதிரை செய்யுமுன், இதில் யார் அமரப் போகிறார், எதற்காக அமரப் போகிறார் என்று பார்த்தார்கள். உருக்குக் குழாயை வளைத்துச் செய்யும் எளிய கதிரை அப்படித்தான் வந்தது. அழகு வேலைப்பாடு பிறகு; பயன் முதலில்.

அரபுக் கவிதையிலும் இதே கேள்வி எழுந்தது. எழுப்பியவர்களில் முன்னணியில் நின்றவர் ஒரு பெண்மணி. பக்தாதில் 1923இல் பிறந்த நாஸிக் அல்மலாயிகா, 1947இல் எகிப்தைக் கொலரா நோய் வாட்டியபோது அந்நோயின் பெயரிலேயே ஒரு கவிதை எழுதினார். பிணங்களை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டிகளின் ஓசை அவர் நெஞ்சில் ஒலித்தது. சரிசமமாக இரண்டாகப் பிரிந்து செல்லும் பழைய அடிக்குள் அந்தத் துயரம் அடங்கவில்லை. எனவே அடியின் நீளத்தை உணர்ச்சிக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் எழுதினார். ஆனால் கலீல் இப்னு அஹ்மத் வகுத்த சீரை அவர் கைவிடவில்லை. யாப்பை முறையாகக் கற்றவர் என்பதால் எதை மாற்றலாம், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதே காலத்தில் பத்ர் ஷாகிர் அஸ்ஸய்யாபும் அவ்வழியில் எழுதினார். அரபுப் புதுக்கவிதை இவர்களிடமிருந்து வளர்ந்தது.

இனி நம் கொழும்புக்கு வருவோம். 1943இல் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற் முதலான கலைஞர்கள் இங்கே "43 குழு" என்ற பெயரில் ஒன்றுகூடினார்கள். ஆங்கிலேயர் கற்பித்த பாணியிலேயே வரைந்துகொண்டிருக்க அவர்கள் விரும்பவில்லை. ஐரோப்பாவின் புதிய ஓவியத்தையும் நம் நாட்டுப் பழைய ஓவியத்தையும் ஒருங்கே பார்த்துத் தம் வழியைத் தேடினார்கள்.

கட்டடக் கலையில் அவ்வழியைத் திறந்தவரும் ஒரு பெண். கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா (1918-1998). அவருடைய தாயார் அக்னஸ், இந்நாட்டில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். அவ்வுரிமை 1931இல் கிடைத்தது. மகள் பம்பாயிலும் இலண்டனிலும் படித்து, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் அங்கத்துவம் பெற்ற முதல் ஆசியப் பெண் ஆனார். உலகப் புகழ் பெற்ற லெ கொர்பூசியேயை நன்கறிந்தவர். எனினும் ஊர் திரும்பி வீடு கட்டியபோது தும்பறைப் பாய் பின்னுவோரையும் நம் கைவினைஞர்களையும் தேடிச் சென்றார்.

அடுத்தவர் ஜெப்ரி பாவா (1919-2003). இவருடைய தந்தைவழிப் பாட்டனார் ஒரு முஸ்லிம். முதலில் சட்டம் படித்த பாவா, 38 வயதில்தான் கட்டடக் கலைஞரானார். கொழும்பு 3, பகத்தலை வீதியருகே 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகப் பெற்று, ஒரே வீடாக இணைத்துத் தாம் வாழ்ந்தார். அதற்குள் வெளிச்சமும் காற்றும் இறங்கச் சின்னஞ்சிறு முற்றங்களை விட்டார். நம் கொட்டாஞ்சேனை வரிசை வீடுகளை நினைத்துப் பாருங்கள். இடம் சிறியது என்பதால் வானம் இல்லாமல் போக வேண்டியதில்லை.

பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்கு 1960களின் தொடக்கத்தில் அவர் கட்டிக் கொடுத்த வீடு இன்னும் பெரிய பாடம். முற்றமும் விறாந்தையும் கொண்ட பழைய பாணி வீடு வேண்டும் என்று கேட்டவர் ஏனாதான். வெளியே உயர்ந்த சுவர். உள்ளே முற்றத்தைச் சுற்றி அறைகள். தெருவிலிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாது. உள்ளிருப்பவருக்கோ மழையும் மரமும் வெயிலும் சொந்தம். அந்த வீடு பின்னாளில் கழற்றப்பட்டு, பெந்தோட்டைக்கருகே லுணுகங்கையில் மீண்டும் எழுப்பப்பட்டது.

இதே தேடலில் இருந்தவர்தான் எகிப்தின் ஹஸன் பத்ஹீ. 1940களில் லக்ஸர் நகருக்கு எதிர்க்கரையில் ஏழைகளுக்காக மண் செங்கல்லால் முற்றமுள்ள வீடுகளைக் கட்டினார். 1980இல் ஹஸன் பத்ஹீக்கும் 2001இல் பாவாவுக்கும் ஆகா கான் கட்டடக் கலை விருதின் தலைவர் விருது வழங்கப்பட்டது. ஆனாலும் பத்ஹீயின் கிராமத்துக்குக் குடிபெயரப் பெரும்பாலான மக்கள் மறுத்துவிட்டார்கள். வீடு எவ்வளவு நல்லதாயினும், அதில் வாழப்போகிறவர் மனம் இணங்க வேண்டும்.

சகோதரிகளே, இங்கேதான் நம் தவறு இருக்கிறது. கண்ணாடியையும் பெட்டி வடிவத்தையும் எடுத்துக்கொண்டோம், கேள்வியை விட்டுவிட்டோம். அந்த உம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் அதிக நேரம் இருப்பவர் அவர். அவருடைய காற்றும் வெளிச்சமும்தான் முதலில் போயின. குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. காணி விலை எனக்கும் தெரியும். பெண் மக்களுக்கு வீடு கொடுத்தே ஆகவேண்டும் என்ற வழக்கம் எத்தனை முற்றங்களை விழுங்கியிருக்கிறது என்பதும் தெரியும். அந்த வழக்கத்தைப் பற்றி வேறொரு நாள் பேச வேண்டும்.

என் வீடும் விலக்கல்ல. வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடியில் பெரிய கண்ணாடி யன்னல் உண்டு. எதிர்மாடியிலிருந்து உள்ளே தெரியும் என்பதால் அதன் திரை எப்போதும் மூடியே கிடக்கிறது. கடல் கூப்பிடு தூரத்தில். என் மனைவியோ நாள் முழுக்க மின்விசிறியின் கீழ். பழைய கெய்ரோவில் "மஷ்ரபிய்யா" என்ற மரச்சட்டப் பின்னல் யன்னலுக்கு முன்னே இருக்கும். காற்று வரும், தெரு தெரியும், உள்ளிருப்பவர் தெரியமாட்டார். வீட்டை மன அமைதி பெறும் இடமாக அல்லாஹ் ஆக்கியதாக "அந்நஹ்ல்" அத்தியாயம் கூறுகிறது. திரையை மூடி, வியர்த்து, எரிச்சலோடு இருப்பவருக்கு அந்த அமைதி எப்படிக் கிடைக்கும்?

உங்கள் வீட்டைத் திருத்துவதானால், பாஸ் உண்ணே வந்து அளவெடுக்குமுன் நீங்கள் சில வார்த்தை பேசுங்கள். குசினியில் புகை எப்படி வெளியேறும், துணி எங்கே காயும், பகலில் விளக்கில்லாமல் எங்கே ஓதலாம் என்று கேளுங்கள். யன்னலை எதிர்வீட்டு யன்னலுக்கு நேராக வைக்காமல் தள்ளியோ தலைக்கு மேலோ வைக்கச் சொல்லுங்கள். துளையுள்ள சீமெந்துக் கற்களால் ஒரு சுவர் கட்டினால் காற்றும் வரும், மறைவும் இருக்கும். நான்கு அடி வானமாவது விட்டு வையுங்கள்.

அந்த மாணவரிடமும் இதைத்தான் சொன்னேன். போட்ட தட்டை உடைக்க முடியாது. ஆனால் குசினிக்குப் பின்னே தகரம் போட்டு மூடியிருந்த ஒடுங்கிய ஓடை ஒன்று இருந்தது. தகரத்தைக் கழற்றிக் கம்பி வலை போட்டார்கள். சில வாரங்களுக்குப் பின் போனபோது உம்மாவின் கதிரை அங்கே இருந்தது.

"லுஹரு இப்ப தெரியுது ஆலிம்சா" என்றார். "சுவரு ஒசரம், வெயில் சுருக்கா போயிடுது. அஸருக்குத்தான் இன்னும் மகனைக் கேக்கணும்."